நன்றாக நிரல் எழுதுகிறவரை எழுத விடுங்கள்

மென்பொருள் நிறுவனங்களின் மேலாளர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவையிலும் மதுரையிலும் இருக்கிற மென்பொருள் நிறுவனங்களில் யாருக்கு எந்த வேலை, யாருக்கு எப்போது பதவி உயர்வு, டைம்ஷீட்டில் எந்த மணி நேரம் கணக்கில் சேரும் என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். 2006-இல் வேலைக்குச் சேர்ந்தேன். அன்று முதல் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்யாண வீட்டிலோ பழைய அலுவலக நண்பர்கள் கூடும் இடத்திலோ யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இன்னும் கோடிங்தான் பண்றியா?" கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. எனக்கு ஏதோ சரியாக அமையவில்லை என்று உண்மையாகவே வருத்தப்படுகிறார். நாற்பது வருடம் நாகஸ்வரம் வாசித்தவரிடம் போய் இன்னும் வாசிப்புதானா என்று யாரும் கேட்பதில்லை. நம் தொழிலில் மட்டும், கை பழகப் பழக அந்த வேலையை விட்டு விலகுவதுதான் முன்னேற்றம் என்று ஆகிவிட்டது. அப்படி ஆக்கியது உங்கள் பதவி உயர்வு ஏணிதான். அந்த ஏணியை மாற்றச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் சேர்ந்த முதல் வருடம் எங்கள் அணியில் ஒரு மூத்த நிரலாளர் இருந்தார். பில் போடுகிற ஒரு மென்பொருளில் தள்ளுபடித் தொகையைப் பொருட்களுக்குப் பிரித்துப் போடும் பகுதியை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எழுதி முடித்து, ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவரிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சத்தமாப் படி" என்றார். நான் எழுதியதை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார். "நூறு ரூபாய் தள்ளுபடி, மூணு பொருள். ஒண்ணுக்கு எவ்வளவு வரும்?" முப்பத்து மூன்று ரூபாய் முப்பத்து மூன்று பைசா என்றேன். "மூணையும் கூட்டு." தொண்ணூற்று ஒன்பது ரூபாய் தொண்ணூற்று ஒன்பது பைசா. "அந்த ஒரு பைசா எங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தசமப் புள்ளி வைத்த எண்களைக் கணினி உள்ளே எப்படி வைத்துக்கொள்கிறது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஏன் 0.30000000000000004 என்று வருகிறது, பணத்தை ஏன் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று என் விசைப்பலகையிலேயே தட்டிக் காட்டினார். மிச்சம் விழுகிற பைசாவைக் கடைசிப் பொருளில் சேர்க்கச் சொன்னார். அப்புறம், பிரித்த தொகைகளைக் கூட்டினால் முழுத் தொகை வந்தே ஆக வேண்டும் என்று சரிபார்க்கும் ஒரு டெஸ்ட்டை என்னையே எழுத வைத்தார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் இருக்கும். பொறியியல் கல்லூரியின் நான்கு வருடத்தில் இந்த நாற்பது நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை. அவருடைய டைம்ஷீட்டில் இதை எழுதுவதற்கு ஒரு கட்டமும் இல்லை.

எட்டாவது வருடத்தில் அவரை மேலாளர் ஆக்கினார்கள். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் சம்பளம் இதற்கு மேல் ஏறாது, இந்த கிரேடுக்கு மேல் எழுதுகிறவர்களுக்கு இடம் இல்லை என்று பதில் வந்தது. வீட்டுக் கடன் இருந்தது, ஒப்புக்கொண்டார். இருபத்திரண்டு பேரின் விடுப்பு, அப்ரைசல், வாடிக்கையாளருக்கு வாரம் இரண்டு முறை அறிக்கை. இரண்டு வருடத்தில் இந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, இதே கதை வேறு வேறு பெயர்களில் எத்தனையோ இடங்களில் நடந்திருக்கிறது. அவர் போன பிறகு எங்கள் அணியில் ஒருவர் நிரலை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூ என்பது எண்ணூறு வரி மாற்றத்துக்கு இரண்டே நிமிடத்தில் "எல்ஜிடிஎம்" (பார்த்தேன், நன்றாக இருக்கிறது) என்று தட்டிவிட்டு அப்ரூவ் கொடுப்பதாகச் சுருங்கிவிட்டது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திண்டுக்கல்லில் தாய்மாமா வைத்திருந்த தையல் கடைதான் நினைவுக்கு வரும். பள்ளி விடுமுறையில் அங்கேயேதான் கிடப்பேன். கடைக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதல் வேலை காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது. சில மாதம் போனால் ஓரம் மடித்துத் தைக்கும் எம்மிங். அப்புறம்தான் மிஷினில் நேர் தையல். காலர் தைக்க விடுவதற்கே ஒரு வருடம் ஆகும். துணியை வெட்டும் மேசைப் பக்கம் கடைசியில்தான் விடுவார். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டிய துணியை ஒட்ட முடியாது என்பார். காஜா எடுக்கிற பையன் சும்மா காஜா மட்டும் எடுப்பதில்லை. தைத்து முடித்த சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு நாளைக்கு இருபது முறை கையில் பிடித்துப் பார்க்கிறான். அவனுக்கு மூன்றடி தள்ளி மாஸ்டர் இருக்கிறார். வெட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், "டேய், சத்தம் மாறுது, மிஷினுக்கு எண்ணெய் விடு" என்று மாமா சொல்வார். எனக்கு எந்த மாற்றமும் கேட்டதே இல்லை.

ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில் லைபீரியாவின் தையல்காரர்களிடம் இதையே கவனித்தார். அங்கேயும் பட்டனும் ஓரத் தையலும் முதலில், வெட்டுவது கடைசியில். உடை உருவாகும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் கற்றுக்கொள்கிறார்கள். முடிந்த பொருளை முதலில் புரிந்துகொள்கிறார்கள், தவறினாலும் நஷ்டம் குறைவாக இருக்கும் இடத்தில் கை பழகுகிறார்கள். இதை அடிப்படையாக வைத்து அவரும் எத்தியென் வெங்கரும் 1991-இல் எழுதியதிலிருந்துதான், ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் கூடிக் கற்கும் குழு என்ற கருத்தே பெரிதாகப் பேசப்பட்டது. உங்களில் பலர் மேலாண்மைப் பயிற்சிகளில் 'கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ்' என்ற அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அது தையல் கடையிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னார்களா, தெரியவில்லை.

நம் நிறுவனங்களில் என்ன செய்கிறோம்? சில மாதப் பயிற்சி, ஒரு தேர்வு, புராஜெக்ட் எதுவும் இல்லாமல் கொஞ்ச நாள் பெஞ்ச். அப்புறம் ஒரு திங்கட்கிழமை, நடந்துகொண்டிருக்கிற புராஜெக்ட்டில் போட்டு, அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு புதிய பகுதி வேண்டும் என்கிறோம். கத்தரிக்கோலை எடுத்து நேராகக் கையில் கொடுக்கிறோம். துணி வாடிக்கையாளருடையது. பக்கத்தில் மாஸ்டர் இல்லை, அவர் மீட்டிங்கில் இருக்கிறார்.

சரி, இப்போதுதான் இயந்திரமே எழுதித் தருகிறதே என்பீர்கள். உண்மைதான். சின்னச் சின்ன பக் திருத்துவது, டெஸ்ட் எழுதுவது, ஒரே மாதிரியான பத்துப் பக்கங்களை உருவாக்குவது என்று ஃப்ரெஷர்கள் கை பழகிய வேலைகளைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் எடுத்துக்கொண்டது. எங்கள் ஊருக்கும் காஜா மிஷின் வந்தது. கடைத்தெருவிலேயே ஒருவர் வாங்கிப் போட்டார், எல்லாக் கடைக்காரர்களும் சட்டைகளைக் கட்டி அங்கே அனுப்பினார்கள். மாமாவும் அனுப்பினார். ஆனால் பையன்களை நிறுத்தவில்லை. காஜா போட்டுத் திரும்பி வரும் ஒவ்வொரு சட்டையையும் அவர்கள் சரிபார்க்க வேண்டும், நூல் பிசிறு, இடைவெளி, பட்டனுக்கு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்தார். கண் பழகுவதற்கு ஒரு படி தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கருவி எழுதித் தந்த நிரலில் அந்த ஒரு பைசா எங்கே போனது என்று கேட்கத் தெரிந்தவர் யாரோ ஒருவர் இருந்தாக வேண்டும். அந்தக் கேள்வியை இன்று இருபத்திரண்டு வயதுக்காரருக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

பழகிய காது என்ன செய்யும் என்பதற்கு நம் தொழிலிலேயே பெரிய சாட்சி உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை எழுதும் நிரலாளர் வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவில் இருக்கும் கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது அவர் கவனத்தில் பட்டது. விட்டுவிடாமல் தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய நிரலகத்தில் யாரோ திட்டமிட்டு, ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தது தெரிந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் முக்கியமான வெளியீடுகளுக்குள் அது முழுமையாகப் பரவும் முன் பிடிபட்டது. அந்த நிரலகத்தைப் பல வருடங்களாக ஒரே ஆள், சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். உதவிக்கு வருவதுபோல் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்தவர்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்தார். கூட உட்கார்ந்து படிக்க நாலு பேர் இல்லாத இடத்தில் எது நுழையும் என்பதும், பழகிய கண் எதைப் பிடிக்கும் என்பதும் இந்த ஒரே நிகழ்வில் தெரிகிறது. அரை நொடி தாமதத்தைக் கவனிக்கச் சொல்லி எந்த டிக்கெட்டும், அதாவது வேலைச் சீட்டும், அவருக்கு வரவில்லை.

அறிவைப் பகிர நாங்களும் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். விக்கி இருக்கிறது, வீடியோ பாடங்கள் இருக்கின்றன, வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கட்டாயப் பயிற்சி இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் ஒருவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது ஒரே ஒரு சமயத்தில்தான். ராஜினாமா கொடுத்த பிறகு, நோட்டீஸ் பீரியடில் நடக்கும் கேடியில், அதாவது தெரிந்ததைக் கைமாற்றிக் கொடுக்கும் 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபரில்'. ஐந்து வருடம் சேர்ந்ததை இரண்டு வாரத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார். கேட்கிறவர் ரெக்கார்டிங் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்.

உண்மையான கேடி அலுவலக வாசலில், டீக்கடையில் நடந்தது. "அந்த சர்வர் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன் விழுது தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார், டீ ஆறிவிடும். ஜூலியன் ஓர் என்ற ஆய்வாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியதும் இதுதான். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பிடும் மேசையில் பேசிய கதைகளில் இருந்துதான் தீர்த்தார்கள். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் டீக்கடைப் பேச்சு போய்விட்டது. வீட்டிலிருந்து வேலை செய்வதை நான் குறை சொல்லவில்லை, பலருக்கு, குறிப்பாகச் சின்னக் குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்கு, அது வேலையையே காப்பாற்றிக் கொடுத்தது. ஆனால் போன டீக்கடைக்குப் பதிலாக நாம் எதையும் வைக்கவில்லை.

மாஸ்டர், பையன், தொழில் சுத்தம் என்றெல்லாம் பேசும்போது நம் ஊரில் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். தொழிலைப் பிறப்போடு கட்டிப் போட்ட ஊர் இது. 1953-இல் ராஜாஜி ஆட்சியில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது போனது. அது போகாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் யாரும் கணினியைத் தொட்டிருக்க மாட்டோம். அதனால் மென்பொருளைக் கைத்தொழில் என்று நான் சொல்லும்போது, யாரோ சிலர் மட்டும் நுழையும் பழைய கட்டுப்பாட்டைக் கேட்கவில்லை. யார் வந்தாலும் ஒரு நாற்காலி போட்டு, சத்தமாப் படி என்று சொல்கிற இடத்தைக் கேட்கிறேன்.

இப்போது என் அணியில் இருக்கும் ஆறு பேரில் நான்கு பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அப்பா பொறியாளராக இருக்கும் பிள்ளைக்கு இரவுச் சாப்பாட்டில் கிடைக்கிற பேச்சு இவர்களுக்குக் கிடைப்பதில்லை. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவில்லை என்றால் இவர்களுக்குக் கற்றுக்கொள்ள வேறு வழியே இல்லை. தானாகவே கற்றுக்கொள்வார்கள், திறமை இருந்தால் மேலே வருவார்கள் என்று நீங்கள் சொல்லும்போது, யார் மேலே வருவார்கள் என்பது ஏற்கெனவே முடிவாகிவிடுகிறது.

அலுவலகத்துக்கு வெளியே இந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு வெகுகாலமாக ஐஐடி வளாகத்தில் சனிக்கிழமைகளில் கூடியது. நான் முதன்முதலில் பிறர் நிரலுக்கு ஒரு பேட்ச், அதாவது திருத்தம், அனுப்பக் கற்றது அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான். பைத்தான் மொழிக்காரர்களின் சென்னைப்பை குழு மாதா மாதம் கூடுகிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே சொல்லித் தருகிறது. கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் தமிழிலேயே நுட்பம் எழுதி வருகிறது. இவர்களில் பெரும்பாலோர் வாரம் முழுக்க உங்களிடம் வேலை பார்த்துவிட்டு, மிச்சம் இருக்கும் ஒரு நாளைக் கொடுக்கிறவர்கள். அவர்களால் ஊருக்கே வேலை கற்றுக் கொடுக்க முடிகிறது, உங்கள் கட்டடத்துக்குள் மட்டும் முடியவில்லை. இதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

நான் சில நண்பர்களோடு சேர்ந்து நடத்தும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, 2009 ஜனவரியில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் சில நிரலாளர்கள் தொடங்கியது. கோட் ரிட்ரீட் என்பார்கள். ஒரு நாள் முழுக்க ஒரே கணக்கு. கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கி 1970-இல் வெளிவந்த உயிர் விளையாட்டு: கட்டங்கள், சிலவற்றில் உயிர் இருக்கும். உயிருள்ள கட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று அண்டை உயிர்கள் இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். காலிக் கட்டத்துக்குச் சரியாக மூன்று அண்டை உயிர்கள் இருந்தால் அதில் உயிர் வரும். இருவர் இருவராக உட்கார்ந்து நாற்பத்தைந்து நிமிடம் எழுத வேண்டும். மணி அடித்ததும் எழுதியதை அழித்துவிட வேண்டும். அப்புறம் ஜோடி மாறி, முதலிலிருந்து மறுபடியும். அடுத்த சுற்றில் 'இஃப்' (இப்படி இருந்தால் இதைச் செய் என்னும் கட்டளை) போடக் கூடாது, அதற்கடுத்ததில் பேசாமலே எழுத வேண்டும் என்று நிபந்தனைகள் வரும்.

முதல் முறை அழிக்கச் சொன்னபோது ஒரு பையன் அழிக்கவே மாட்டேன் என்றான். இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்தால் முடித்துவிடுவேன் என்று கெஞ்சினான். அழித்தான். மாலை ஐந்தாவது சுற்றில் அவனோடு பதினான்கு வருட அனுபவம் உள்ள ஒரு அக்கா ஜோடி சேர்ந்தார். முதல் பத்து நிமிடம் அவர் ஒரு வரியும் எழுதவில்லை, ஒரு தாளில் கட்டங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றிலும் முடிக்கவில்லை. போகும்போது அவன் என்னிடம் வந்து, "அண்ணா, நான் இவ்வளவு நாளா பேரே சரியா வைக்கல" என்றான். டெட்லைனுக்குள் வேலை முடிக்கிற இடத்தில் இதை அவன் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். எழுதிக்கொண்டே இருக்க விரும்புகிறவருக்கு மேலாளருக்குக் கொடுக்கிற சம்பளமும் மரியாதையும் கொடுங்கள். சில நிறுவனங்களில் இதற்கென்று பதவிப் பெயர்கள் இருக்கின்றன, தெரியும். ஆனால் அந்தப் பதவியில் உட்கார்ந்தவரின் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள், முழுக்க மீட்டிங்தான். அவர் வாரத்தில் பாதி நேரமாவது தன் கையால் எழுத வேண்டும், இளையவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவர் நிரலை இன்னொருவர் உட்கார்ந்து படிக்கும் நேரத்துக்கு டைம்ஷீட்டில் ஒரு கட்டம் வையுங்கள். வாடிக்கையாளர் இதற்குப் பணம் கொடுக்க மாட்டார் என்று சொல்லாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வாடிக்கையாளரின் பயன்பாட்டில் இருக்கும் புரொடக்‌ஷன் விழும்போது கூடும் கூட்டத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று ஒரு காலாண்டு கணக்கெடுத்துப் பாருங்கள். அப்ரைசலில் எத்தனை டிக்கெட் முடித்தார் என்பதோடு, யாருக்கெல்லாம் சொல்லித் தந்தார் என்றும் கேளுங்கள். சொல்லித் தந்தவரைக் கேட்டால் போதாது, கற்றுக்கொண்டவரையும் கேளுங்கள்.

ஒரே நாளில் நிறுவனம் முழுக்க மாற்ற வேண்டியதில்லை. ஒரு அணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று முதல் ஐந்து வரை, மூன்று மாதம். அந்த இரண்டு மணி நேரத்தில் மீட்டிங் எதுவும் வைக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு. கூடவே, சனிக்கிழமை பூட்டிக் கிடக்கும் உங்கள் பயிற்சி அறைகளில் ஒன்றை மாதம் ஒரு முறை வெளியாட்களுக்கும் திறந்துவிடுங்கள். பத்து மேசை, ஒரு வெள்ளைப் பலகை, பிளக் பாயிண்ட் போதும். பாதுகாப்புப் பிரிவில் அனுமதி வாங்குவதுதான் கஷ்டம் என்பீர்கள், வருகிறவர்கள் பெயரை ஒரு வாரம் முன்பே தந்துவிடுகிறோம். டீயை நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம். முதல் சனிக்கிழமை உயிர் விளையாட்டை நான் வந்து நடத்தித் தருகிறேன். நீங்களும் ஒரு மேசையில் உட்காருங்கள். நீங்கள் எழுதி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பையனைப் போல ஒருவர் உங்களுக்கு ஜோடியாக வருவார்.

அன்புடன்,
இன்னும் நிரல் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர்
சென்னை